‘கொஞ்சம் கவலையா இருக்குமாம், அப்பா’



இந்த வார எபிசோடில் மூட் டிராக்கிங் ஆப்ஸ் பற்றிப் பேசினோம். நடுவில் நான் வலு ஈஸியாக, “மூளையில செரோட்டோனின் குறைஞ்சா மனசு டவுன் ஆகும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டேன். எடிட் பண்ணும்போது அந்த வரியைத் திரும்பக் கேட்டதும் ஒரு மாதிரி இருந்தது. அது “அவ்வளவுதான்” இல்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

2006. ஸ்கார்பரோ. எனக்கு 14 வயது. அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் சி. அப்போது அதற்கு இருந்த மருந்து இன்டர்ஃபெரான்: வாரத்துக்கு ஒரு ஊசி, 48 வாரம், கூடவே தினமும் குளிசை. உங்களில் பலரைப் போல நான்தான் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு டொக்டரிடம் கூடப் போனேன். அவர் பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார். காய்ச்சல், உடம்பு உளைவு, பசியின்மை. கடைசியாக, டிப்ரெஷன். அந்தச் சொல்லுக்குத் தமிழ் எனக்குத் தெரியாது.

“என்னவாம்?” என்று அப்பா கேட்டார்.

“ஊசி போட்டா கொஞ்சம் கவலையா இருக்குமாம், அப்பா.”

“கவலைதானே,” என்று சிரித்தார்.

மூன்றாம் மாதம் சிரிப்பு நின்றுவிட்டது. சனிக்கிழமைகளில் பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கார் கழுவுகிற மனுஷன், லைட் போடாமல் ஹோலில் இருக்கத் தொடங்கினார். அம்மா “யோசியாதேங்கோ” என்பார். நான் இன்னும் மோசம். “கொஞ்சம் முயற்சி பண்ணுங்கோ, அப்பா. சும்மா படுத்திருந்தா எப்படி?” என்று கேட்டேன். “எனக்கே விளங்கேல்லையடா,” என்றார். அப்பா மனசைத் தளரவிட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். பல வருஷம் கழித்து, யூனிவர்சிட்டி பயோகெமிஸ்ட்ரி வகுப்பில்தான் கைனுரெனின் என்ற பெயரை முதல் தடவை கேட்டேன்.

பெரிய ரோட்டு எது?

ட்ரிப்டோஃபான் ஓர் அமினோ அமிலம். உடம்பால் அதைச் செய்ய முடியாது. முட்டை, பால், கோழி, பருப்பு என்று சாப்பாட்டில்தான் வர வேண்டும். அதிலிருந்து செரோட்டோனின் உருவாகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு சின்ன ஒழுங்கை மட்டும்தான். உடம்பு உடைக்கும் ட்ரிப்டோஃபானில் நூற்றுக்கு 90-க்கும் மேல் போகிற பெரிய ரோட்டு கைனுரெனின் பாதை. பெயர் வந்த கதையும் வேடிக்கையானது. 1853-இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக், நாயின் சிறுநீரில் ஒரு அமிலத்தைக் கண்டுபிடித்தார். கிரேக்க மொழியில் நாய்க்கும் சிறுநீருக்கும் உள்ள சொற்களைச் சேர்த்துக் கைனுரெனிக் அமிலம் என்று பெயராகிவிட்டது.

இந்த ரோட்டு ஒரு சந்தியில் பிரிகிறது. ஒரு பக்கம் போனால் கைனுரெனிக் அமிலம். மற்றப் பக்கம் போனால் குயினோலினிக் அமிலம். மூளையில் என்எம்டிஏ என்று ஓர் ஏற்பி இருக்கிறது. படிப்புக்கும் ஞாபகத்துக்கும் முக்கியமானது. 1980-களின் தொடக்கத்தில்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது: குயினோலினிக் அமிலம் அந்த ஏற்பியைத் தூண்டுகிறது, கைனுரெனிக் அமிலம் அதையே தடுக்கிறது. ஒன்று ஆக்சிலரேட்டர், மற்றது பிரேக். ஆக்சிலரேட்டர் அளவு மீறினால் நரம்பு செல்களே செத்துப்போகும். அதற்காக அதை வில்லன் ஆக்கவும் முடியாது. ஒவ்வொரு செல்லுக்கும் தேவையான என்ஏடி என்ற பொருளுக்கும் அதே வழிதான்.

ஊசி என்ன செய்தது?

கிருமி வந்தால் உடம்பு இன்டர்ஃபெரானைச் சுரக்கும். அது ஐடிஓ என்ற நொதியை முடுக்கிவிடும். ஐடிஓ ட்ரிப்டோஃபானைப் பிடித்துக் கைனுரெனின் ஆக்கும். கிருமிக்குச் சாப்பாடு குறையும். நம் நோய் எதிர்ப்பும் எல்லை மீறாமல் அடங்கும். 1998-இல் கருவுற்ற எலிகளில் இந்த நொதியைத் தடுத்துப் பார்த்தார்கள். தாயின் நோய் எதிர்ப்பே கருவை நிராகரித்துவிட்டது. அவ்வளவு பெரிய வேலை இது.

அப்பாவுக்கு வாரா வாரம் போனது அந்த இன்டர்ஃபெரான்தான். ஒரு வருஷத்துக்குக் கிட்ட உடம்பு யுத்தத்தில் இருந்தது. இந்த ஊசி போட்டவர்களுக்கு இரத்தத்தில் கைனுரெனின் கூடும். அது மூளைக்குள்ளும் சுலபமாகப் போகும். அவர்களுடைய மூளைத் தண்டுவட நீரில் குயினோலினிக் அமிலம் கூடியிருந்ததையும், கூடக் கூட மனச்சோர்வும் கூடியிருந்ததையும் ஆய்வுகள் காட்டின. இதுதான் ஒரே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்த மருந்து எடுத்த ஏறத்தாழ நாலு பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது. நாலில் ஒருவர் ஒரே நேரத்தில் “மனசைத் தளரவிட” மாட்டார்கள், இல்லையா?

சரி, குளிசை எங்கே?

பயோஹேக்கிங் ஆட்கள் இப்போது காதைத் தீட்டியிருப்பீர்கள். 2014-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் ஒரு அழகான விஷயம் காட்டினார்கள். பயிற்சி பெற்ற தசை, கைனுரெனினைக் கைனுரெனிக் அமிலமாக மாற்றும் நொதிகளைக் கூட்டுகிறது. கைனுரெனிக் அமிலம் மூளைக்குள் இலகுவில் போகாது. ஆகவே சுமை தசையிலேயே கழிந்துவிடும். அப்படிப்பட்ட தசையுள்ள எலிகள் வாரக்கணக்கான அழுத்தத்தையும் தாங்கின. மனுஷருக்கு நேராக அப்படியே பொருந்தும் என்று சொல்ல ஏலாது. ஆனால் நடைக்குப் போவதில் நஷ்டமில்லை.

பிரேக்தான் நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள். ஸ்கிட்சோஃப்ரினியா உள்ளவர்களின் மூளைத் தண்டுவட நீரில் கைனுரெனிக் அமிலம் கூடுதலாக இருந்திருக்கிறது. புற்றுக்கட்டிகளும் இதே பாதையைப் பாவித்து நோய் எதிர்ப்பைத் தூங்கவைக்கின்றன. ஐடிஓவைத் தடுத்தால் புற்றுநோயை வெல்லலாம் என்று பெரிய நம்பிக்கை இருந்தது. 2018-இல், மெலனோமா நோயாளிகள் 700 பேருக்கு மேல் பங்குபற்றிய சோதனையில் எபாகடோஸ்டாட் என்ற மருந்து பயன் தரவில்லை. ஒரு சந்தியை மட்டும் அடைத்தால் டிராஃபிக் வேறு பக்கம் போகும் போல.

அப்பாவுக்கு வைரஸ் போய்விட்டது. ஊசி நின்ற சில மாதத்தில் பழைய மனுஷன் திரும்பி வந்தார். இப்போது இந்த நோய்க்கு 8 முதல் 12 வாரக் குளிசையே பெரும்பாலும் போதும். போன மாதம் ஒரு பேப்பரில் சந்தி கீறி அவருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அண்டைக்கு டொக்டர் உண்மையா என்ன சொன்னவர்?”

“மனச்சோர்வு வரலாம் எண்டு, அப்பா. வந்தா உடனே சொல்லச் சொன்னவர்.”

“நீ சின்னப் பிள்ளைதானே,” என்றார். பேப்பரை மடித்துச் சட்டைப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளர் என்றால் ஒன்று. சொல் தெரியாவிட்டால் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். டொக்டரிடமே “தெரியாது” என்று சொல்லி, மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் விவரித்துச் சொல்லுங்கள்: “நித்திரை வராது, ஒன்றிலும் ஆசை இருக்காது, காரணமில்லாமல் அழுகை வரும், அது மருந்தாலும் வரலாம்.” அந்த ஒரு வசனம் 2006-இல் எங்களிடம் இருக்கவில்லை.

“அவ்வளவுதான்” என்ற என் வரியை அடுத்த எபிசோடில் திருத்துகிறேன். சந்திப்போம்.