புற்றுநோய் மருத்துவமனைத் தேர்வு

புற்றுநோய் மருத்துவமனைத் தேர்வு என்பது, புற்றுநோய் கண்டறியப்பட்ட ஒருவர் தமது நோயின் வகைக்கும் நிலைக்கும் ஏற்ற சிகிச்சை நிலையத்தைத் தெரிவு செய்வதைக் குறிக்கும். முதற் சிகிச்சையில் நேரும் பிழையைப் பின்னர் சரிசெய்வது கடினமாதலால், இத்தேர்வு சிகிச்சை தொடங்கும் முன்னரே செய்யப்பட வேண்டியதாகும்.

கூட்டு முடிவு

அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சுச் சிகிச்சை, மருந்துச் சிகிச்சை ஆகிய மூன்றும் புற்றுநோய்க்கான முதன்மைச் சிகிச்சைகளாகும். இவற்றுள் எதனை முதலில் அளிப்பது என்பது நோய்க்கு நோய் வேறுபடும். எடுத்துக்காட்டாக, பெரிதாக வளர்ந்துவிட்ட மார்பகக் கட்டியை மருந்தால் சுருக்கிய பின்னர் அறுவை செய்வதுண்டு. இதனால் சிலருக்கு மார்பகம் முழுவதையும் அகற்றும் தேவை நீங்குகின்றது. ஆகவே, மூன்று துறை வல்லுநர்களும் முன்கூட்டியே கலந்து முடிவெடுக்கும் வழக்கமுள்ள மருத்துவமனை சிறந்ததாகக் கருதப்படுகின்றது.

திசு ஆய்வு

சிகிச்சை முழுவதும் திசு ஆய்வின் முடிவைச் சார்ந்துள்ளது. முதல் ஆய்வுக்குப் பயன்பட்ட கண்ணாடித் தகடுகளையும், மெழுகில் பதித்த திசுவையும் நோயாளி பெற்றுச் சென்று, வேறொரு மருத்துவமனையில் மறு ஆய்வு செய்துகொள்ளலாம்.

அனுபவம்

சிக்கலான அறுவைகளில் மருத்துவமனையின் அனுபவம் உயிர் காக்கும் காரணியாகும். அமெரிக்க மருத்துவமனைகள் குறித்து 2002 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், கணைய அறுவைக்குப் பின்னான இறப்பு வீதம், அவ்வறுவை மிக அரிதாக நடைபெறும் இடங்களில் 16.3 விழுக்காடாகவும், மிகுதியாக நடைபெறும் இடங்களில் 3.8 விழுக்காடாகவும் இருந்தது. பெருங்குடல் அறுவையில் இவ்வேறுபாடு 2 விழுக்காட்டிற்கும் குறைவு. எனவே எல்லாப் புற்றுநோய்களுக்கும் தொலைதூரப் பெருமருத்துவமனை இன்றியமையாதது எனக் கொள்ளுதல் தவறாகும்.

தொலைவும் செலவும்

வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்கான கதிர்வீச்சு பொதுவாக வாரம் ஐந்து நாட்கள் வீதம் ஆறு அல்லது ஏழு வாரங்கள் அளிக்கப்படும். இடையில் நிறுத்தினால் நோய் கட்டுப்படும் வாய்ப்புக் குறையும். ஆதலால், பயணம், தங்குமிடம், உடனிருப்போரின் வருமான இழப்பு ஆகியவற்றையும் கணக்கிட்டு, இறுதிவரை சென்றுவரக்கூடிய இடத்தைத் தெரிவு செய்வது முக்கியமானதாகும்.

இந்தியாவில்

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1941 ஆம் ஆண்டிலும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டன. 2012 ஆம் ஆண்டில் உருவான தேசியப் புற்றுநோய் வலையமைப்பு, அதன் உறுப்பு மருத்துவமனைகளுக்குப் பொதுவான சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுத்துள்ளது. இதனால், பெரிய மையமொன்றில் சிகிச்சைத் திட்டத்தைப் பெற்று, ஊருக்கு அண்மையிலுள்ள உறுப்பு மருத்துவமனையில் அதனைத் தொடர்வது பலருக்கு ஏற்ற வழியாக அமைகின்றது. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தைப் பயன்படுத்த விரும்புவோர், தெரிவு செய்யும் மருத்துவமனை அத்திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்பதை முன்னரே உறுதிசெய்துகொள்ளல் வேண்டும்.