தாண்டு குதிரையே தாண்டு!

குட்டீஸ்... குதிரைகள் தடை தாண்டும் போட்டியை 'டிவி'யில் பார்த்திருக்கிறீர்களா? ஒலிம்பிக் போட்டியில் அந்தக் கட்டைகள் 1.65 மீட்டர் உயரம் வரை இருக்கும். உங்களில் பலருடைய உயரத்தை விட அது அதிகம்! அரை டன் எடையுள்ள குதிரை, முதுகில் ஓர் ஆளையும் சுமந்து கொண்டு, 'ஜிவ்'வென்று எழும்பி அந்தப் பக்கம் இறங்கி விடுகிறது. கட்டை விழுந்தால் 4 புள்ளிகள் அபராதம்.

இதில் ஓர் அதிசயம் தெரியுமா? தாண்டும் அந்தக் கடைசி நொடியில், குதிரைக்குத் தடை சரியாகத் தெரிவதே இல்லை!

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. அதனால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அதனால் பார்க்க முடியும். ஆனால், நெற்றிக்கு நேர் எதிரேயும், மூக்குக்குக் கீழேயும் இருப்பது தெரியாது. சில அடிகள் தள்ளி வரும்போதே உயரத்தை மனதில் வாங்கிக் கொண்டு, பிறகு துணிந்து எழும்ப வேண்டியதுதான். 'கரன்ட்' போன இருட்டில் நீங்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டுகிறீர்களே, அது போல!

நிறத்திலும் ஒரு சங்கடம். சிவப்பையும் பச்சையையும் குதிரையால் நம்மைப் போலப் பிரித்துப் பார்க்க முடியாது. பிரிட்டனில் தடை தாண்டும் பந்தயங்களில் கட்டைகளுக்கு ஆரஞ்சு நிறம் அடித்து வந்தனர். பச்சைப் புல்லின் நடுவே அது பளிச்சென்று தெரிந்தது... ஆனால், மனிதர்களுக்கு மட்டும்! குதிரைகளிடம் ஆராய்ச்சி செய்து பார்த்த பிறகு, 2022ம் ஆண்டு முதல் வெள்ளைக்கு மாறினர்.

அப்படியானால், குதிரை எதை நம்பித் தாண்டுகிறது? பழக்கத்தையும், முதுகில் இருப்பவரையும் நம்பித்தான். அந்தப் பழக்கத்தை எப்படி உண்டாக்குகின்றனர் என்று பார்ப்போமா?

முதல் பாடத்தில் தாண்டுவதே கிடையாது! தரையில் நான்கு கட்டைகளைக் கிடத்துவர். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சுமார் 1.3 மீட்டர் இடைவெளி. 'டிராட்' எனப்படும் மெல்லோட்டத்தில் குதிரை அதன் மேல் போக வேண்டும். குளம்பு இடித்தால் 'டொக்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் அதுவே காலைத் தூக்கி வைக்கும். திட்டவோ, அடிக்கவோ வேண்டாம், கட்டைதான் வாத்தியார். பிறகு, அதே கட்டைகளைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்துவர். இதற்குப் பெயர் 'கவலெட்டி'. கவலையையும் எட்டிக்காயையும் சேர்த்துப் பிசைந்தது போலக் கசப்பாகக் காதில் விழுந்தாலும், இத்தாலிய மொழியில் அதற்கு 'குட்டிக் குதிரைகள்' என்று பொருள்!

இத்தாலி என்றதும், பெடரிகோ காப்ரில்லி என்ற ராணுவ வீரரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1868ல் பிறந்தவர். அவர் காலத்தில், தடையைத் தாண்டும்போது வீரர்கள் பின்னால் சாய்ந்து கொண்டு, வாரை இழுத்துப் பிடிப்பர். வாரின் நுனியில்தானே கடிவாள இரும்பு இருக்கிறது? அது குதிரையின் வாயை வெட்டி இழுக்கும். ஒவ்வொரு முறை தாண்டும் போதும் வலி! அப்புறம் எந்தக் குதிரைதான் ஆசையாகத் தாண்டும்? முரட்டுக் குதிரை, சோம்பேறிக் குதிரை என்று பழி மட்டும் அதன் மேல்.

காப்ரில்லி ஒரு காரியம் செய்தார். ஆள் ஏறாத குதிரைகளைத் தாண்ட விட்டு உற்றுக் கவனித்தார். அவை கழுத்தை நன்றாக நீட்டி எழும்பின. முன்னங்கால்களை முதலில் ஊன்றி இறங்கின. 'குதிரைக்குத் தாண்டத் தெரியும். நாம்தான் அதற்கு இடைஞ்சலாக இருக்கிறோம்' என்று அவருக்குப் புரிந்தது. வீரர் முன்னால் குனிந்து, முதுகை அழுத்தாமல், குதிரையின் வாய் போகும் திசையில் கையையும் விட வேண்டும் என்றார். 1902ல் இத்தாலியின் டுரின் நகரில், 'மெலோபோ' என்ற குதிரையில் 2.08 மீட்டர் தாண்டிக் காட்டினார். 1907ல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தபோது அவருக்கு வயது 39தான். இன்று தடை தாண்டும் எல்லா நாட்டு வீரர்களும் உட்காருவது அவர் காட்டிய வழியில்தான்.

குதிரையில் ஏறாமலேயே அதை நீங்களும் செய்து பார்க்கலாம். கால்களை அகட்டி நில்லுங்கள். தோப்புக்கரணம் போடுவது போல இறங்கி, பாதியில் நிறுத்துங்கள். இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். உடல் எடை குதிகாலில் இருக்கட்டும். இப்போது நூறு வரை எண்ணுங்கள், பார்க்கலாம்! தொடை எரிகிறதா? ஓடும் குதிரையின் மேல் இதே நிலையில் ஆடாமல் இருக்க வேண்டும். தடுமாறினால் கை தானாக வாரைப் பிடித்துத் தொங்கும். குதிரையின் வாய் புண்ணாகும்.

அதற்காகவே ஒரு பயிற்சி இருக்கிறது. இருபுறமும் வேலி போட்ட நீளமான பாதையில் குட்டித் தடைகள். வீரர் வாரை முடிச்சுப் போட்டு விட்டு விடுவார். தலையில் 'ஹெல்மெட்', கைகள் இரண்டும் விமானச் சிறகு போல நீட்டியபடி... தாண்ட வேண்டும்! முதல் நாள் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்பார்.

அடுத்தது கணக்கு 'பீரியட்'. குதிரையின் ஒரு தாவல் ஏறக்குறைய 3.6 மீட்டர். இரண்டு தடைகளுக்கு நடுவே, இறங்குவதற்கு 1.8 மீட்டர், மறுபடி எழும்ப 1.8 மீட்டர் ஒதுக்க வேண்டும். இடையில் இரண்டு தாவல் என்றால், மொத்தம் 10.8 மீட்டர். சரி, 14.4 மீட்டர் என்றால் எத்தனை தாவல்? மூன்று என்று சொன்னவர்களுக்கு ஒரு 'சபாஷ்'! போட்டிக்கு முன் வீரர்கள் மைதானத்தில் நடந்து, காலடியாலேயே இதை அளப்பதைப் பார்க்கலாம். மனிதரின் நீளமான நான்கு எட்டு, குதிரையின் ஒரு தாவல்.

பயிற்சியில், 18 மீட்டர் இடைவெளியில் இரண்டு கட்டைகளைத் தரையில் போட்டு, முதலில் ஐந்து தாவலில் போகச் சொல்வர். பிறகு அதே தூரத்தை நான்கில், அடுத்து ஆறில். குதிரை நீளத் தாவவும், சுருக்கித் தாவவும் இப்படித்தான் பழகுகிறது. நன்றாகச் செய்ததும் தட்டிக் கொடுத்து, அன்றைய பாடத்தை முடித்து விட வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்ற ஆசைதான் பல குதிரைகளின் காலைக் கெடுக்கிறது.

உயரம் தாண்டுவதில் உலக சாதனை யாருடையது தெரியுமா? தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டின் 'உவாசோ'! பந்தயக் குதிரையாகத் தொடங்கி, அதில் சோபிக்காமல் போன குதிரை அது. 1949 பிப்ரவரி 5ம் தேதி, வின்யா டெல் மார் நகரம். உவாசோவுக்கு அப்போது 16 வயது. குதிரைக்கு அது இளமை அல்ல. மேலே இருந்தவர் கேப்டன் ஆல்பர்டோ லராகிபெல். எதிரே 2.47 மீட்டர் உயரத் தடை. உங்கள் வீட்டுக் கதவுக்கு மேல் இன்னும் ஓர் அடி!

முதல் முயற்சியில் தாண்டவில்லை. இரண்டாவதில் கட்டையை இடித்து விட்டது. மூன்றாவது முறை, கேப்டன் குனிந்து, கையைத் தளர்த்தி விட்டார். தாண்டியே விட்டது உவாசோ!

அதன் பிறகு அதைப் போட்டிக்கு அனுப்பவில்லை. ஓய்வாகப் புல் மேய்ந்து, 1961ல் இறந்தது. அந்த 2.47 மீட்டரை இன்று வரை வேறு எந்தக் குதிரையும் தாண்டவில்லை.