தகடு ஏன் ஒடிகிறது?

மோட்டார் சைக்கிள் விபத்தில் மேற்கை எலும்பு முறிந்து, தகடு வைத்துக்கொண்டவர்கள் தெலுக் பங்லிமா காராங்கிலும் இருப்பீர்கள். தகடு என்பது முட்டுக்கழிதான். எலும்பு கூடும்வரையே தாங்கும். கூடாவிட்டால், பலமுறை வளைத்த கம்பியைப்போல் அதுவும் ஒடியும். இல்லையேல் திருகாணிகள் தளரும்.

அப்போது தகட்டை மாற்றினால் மட்டும் போதாது. முதலில் கிருமித் தொற்று உண்டா என்று பார்ப்பார்கள். பிறகு, எலும்பைச் சுற்றிச் செல்லும் நரம்புக்கு ஊறு நேராமல் பழைய தகட்டை அகற்றி, இடையில் வளர்ந்த தழும்புச் சதையை நீக்கி, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துணுக்குகளை இட்டு, நீண்ட தகட்டால் இறுக்குவார்கள்.

மாதங்கள் கடந்தும் வலித்தால் உருவிவிடச் செல்லாதீர்கள். கிள்ளான் பொது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். புகைப்பதையும் விடுங்கள், அது எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.