மைனர் லீக் பேஸ்பாலும் பண்ணை முறையும்

தமிழில் அடிபந்தாட்டம் எனப்படும் பேஸ்பால் விளையாட்டின் மிக உயர்ந்த தொழில்முறைப் போட்டி, வட அமெரிக்காவில் நடைபெறும் மேஜர் லீக். அதற்குக் கீழே பல அடுக்குகளாக அமைந்துள்ள போட்டிகளே மைனர் லீக் எனப்படுகின்றன. மேஜர் லீக்கில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணிக்கும் நான்கு ஊர்களில் நான்கு துணை அணிகள் என, 2021ஆம் ஆண்டு முதல் 120 துணை அணிகள் இயங்கி வருகின்றன. அதற்கு முன் இவை ஏறத்தாழ 160 இருந்தன. தாய் அணியானது இளம் வீரர்களைச் சேர்த்து, துணை அணிகளில் வளர்த்து, தேவையானபோது மேலே எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்குப் பண்ணை முறை என்று பெயர். இவ்வாறு வளர்ந்து வருபவர்களில் மேலே போகக்கூடியவர் என்று கருதப்படுபவரைப் 'பிராஸ்பெக்ட்' என்பார்கள்.

கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது ரஞ்சிக் கோப்பை போன்றது என்று தோன்றலாம். ஆனால் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. ரஞ்சியில் ஆடும் மாநில அணி தன் வெற்றிக்காக ஆடுகிறது. தன் வீரர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. மைனர் லீக் அணிக்கு அந்த உரிமை இல்லை. யார் ஆட வேண்டும், பந்து வீச்சாளர் எத்தனை பந்து வீசலாம், எந்த வகைப் பந்தைப் பழக வேண்டும் என்பதையெல்லாம் தாய் அணியே முடிவு செய்கிறது. வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பதும் அதுதான். உள்ளூர் உரிமையாளர் மைதானத்தையும் நுழைவுச்சீட்டு விற்பனையையும் தின்பண்டக் கடைகளையும் பார்த்துக்கொள்கிறார். கோப்பைக்கு இன்னும் பத்து ஆட்டங்களே இருக்கும் வேளையில், ஊரே கொண்டாடும் வீரரை மேல் அடுக்குக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊர் மக்கள் வருந்துவார்கள், வீரர் மகிழ்வார். யாரும் தடுக்க முடியாது.

தோற்றம்

இந்த முறையை உருவாக்கியவர் பிராஞ்ச் ரிக்கி. முதல் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்தி வந்தார். அது பணமில்லாத அணி. அக்காலத்தில் சிற்றூர்களின் அணிகள் தனித்தனி வணிகங்கள். நல்ல வீரர் கிடைத்தால் அதிக விலை தருபவருக்கு விற்றுவிடும். ரிக்கி தேடிக் கண்டுபிடித்த வீரர்களைப் பணக்கார அணிகள் அதிக விலை கொடுத்து வாங்கிச் சென்றன. வீரர்களை வாங்க முடியவில்லை என்றால், வீரர்கள் விளையும் அணியையே வாங்கிவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார் அவர். ஹூஸ்டன் போன்ற ஊர்களின் அணிகளில் பங்கு வாங்கத் தொடங்கிய கார்டினல்ஸ், 1926ஆம் ஆண்டு முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. 1930களின் இறுதியில் அதன் பண்ணையில் 30க்கும் மேற்பட்ட அணிகள் இருந்தன.

அந்த வளர்ச்சிக்கு இன்னொரு முகமும் இருந்தது. மேஜர் லீக்கில் ஆடும் தகுதி இருந்தும், அங்கே இடம் இல்லாததால் கீழேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் பலர். வேறு அணிக்குப் போகவும் அவர்களுக்கு உரிமை இல்லை. இம்முறையைக் கடுமையாக எதிர்த்த பேஸ்பால் ஆணையர் கெனெசா மவுண்டன் லாண்டிஸ், 1938ஆம் ஆண்டு கார்டினல்ஸ் பண்ணையிலிருந்து 70க்கும் மேற்பட்ட வீரர்களை விடுவித்து உத்தரவிட்டார். ஆனால் அதற்குள் மற்ற அணிகளும் பண்ணை வைக்கத் தொடங்கிவிட்டன. வீரரின் ஆட்டத்தை மட்டுமல்லாமல் அவருடைய இளமைக் காலத்தையும் அணி தன் கைக்குள் வைத்துக்கொள்கிறது என்ற அன்றைய குறை, வடிவம் மாறி இன்றும் தொடர்கிறது.

ஏணியின் படிகள்

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பதினாறு, பதினேழு வயதில் ஒப்பந்தமாகும் லத்தீன் அமெரிக்கச் சிறுவர்கள் டொமினிக்கன் குடியரசில் நடக்கும் கோடைக்காலப் போட்டியில் தொடங்குவார்கள். அடுத்தது புளோரிடா மாநிலத்தின் பிராடென்டன் நகரிலுள்ள பயிற்சி வளாகம். அங்கே ஏறக்குறைய வெற்று இருக்கைகளுக்கு முன் பகல் வெயிலில் ஆட வேண்டும். அதன்பின்தான் நான்கு துணை அணிகள். சிங்கிள் ஏ அடுக்கில் அதே பிராடென்டன். ஹை ஏ அடுக்கில் வட கரோலினாவின் கிரீன்ஸ்போரோ. டபுள் ஏ அடுக்கில் பென்சில்வேனியாவின் அல்டூனா. எல்லாவற்றுக்கும் மேலே டிரிப்பிள் ஏ அடுக்கில் இண்டியானாபொலிஸ். அதையும் தாண்டினால் பிட்ஸ்பர்க்.

அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் நடக்கும் வீரர் தேர்வு வழியாக உள்ளே வருகிறார்கள். 1965ஆம் ஆண்டு தொடங்கிய இந்தத் தேர்வில் இப்போது 20 சுற்றுகள் உள்ளன. முன்பு சுற்றுகள் மிக அதிகம். 1988ஆம் ஆண்டு 62ஆவது சுற்றில் எடுக்கப்பட்ட மைக் பியாசா, பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். இன்றைய விதிப்படி 62ஆவது சுற்றே கிடையாது.

படிகளில் டபுள் ஏ தான் உண்மையான சோதனை என்பது இத்துறையினரின் பொதுவான கருத்து. அதுவரை வேகத்தால் மட்டுமே சமாளித்து வந்த பந்து வீச்சாளர், அங்கே வளையும் பந்துக்காகக் காத்திருக்கத் தெரிந்த மட்டையாளர்களைச் சந்திக்கிறார். கூடைப்பந்தில் உலகப் புகழின் உச்சியில் இருந்த மைக்கேல் ஜோர்டான், 1994ஆம் ஆண்டு பேஸ்பாலுக்கு மாறியபோது நேராக டபுள் ஏ அணியான பர்மிங்காம் பேரன்ஸில் சேர்க்கப்பட்டார். 127 ஆட்டங்களில் அவருடைய மட்டை சராசரி .202. அதாவது ஐந்து முறை மட்டை பிடித்தால் ஒரு முறைதான் வெற்றிகரமாக அடித்தார். நல்ல மட்டையாளருக்கு இது .300 அளவில் இருக்கும்.

வீரரை எடைபோடுவதற்கு 20 முதல் 80 வரையிலான அளவுகோல் ஒன்று உண்டு. 50 என்றால் மேஜர் லீக்கின் சராசரி. அடிக்கும் திறன், வலிமை, ஓட்டம், எறியும் கை, தடுப்பு என ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். வியப்பு என்னவென்றால், ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு எண்கள் எழுதுவார்கள்: இன்று எவ்வளவு, வளர்ந்தபின் எவ்வளவு. பல்லாண்டு விடைத்தாள் திருத்திய எனக்கு அந்த இரண்டாவது எண்ணைப் போடும் துணிச்சல் ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் பண்ணை முறையில் வீரரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது எண்தான். இருபது வயதில் தடுமாறுபவருக்குப் பொறுமை காட்டுவார்கள். இருபத்தேழு வயதில் நன்றாக ஆடுபவரைக்கூட, 'இவ்வளவுதான் இவர்' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

காத்திருப்பின் கணக்கு

மேஜர் லீக் அணியின் ஆடும் பட்டியலில் 26 பேர். அதைச் சுற்றி 40 பேர் கொண்ட பெரிய பட்டியல் ஒன்று. இந்த நாற்பதில் இடம் பெற்ற வீரரை மூன்று பருவங்களில் மட்டுமே கீழ் அடுக்குக்கு அனுப்பி எடுக்கலாம். அதன்பின் மற்ற அணிகளுக்கும் அவரை எடுக்க வாய்ப்புத் தர வேண்டும். நாற்பதில் சேர்க்கப்படாமல் நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் பண்ணையில் இருந்தவரை, 'ரூல் 5' எனப்படும் டிசம்பர் மாதத் தேர்வில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த பருவம் முழுவதும் அவரை மேஜர் லீக்கிலேயே வைத்திருக்க வேண்டும். திறமையுள்ளவரை ஒளித்து வைக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இந்த முறையால் ஆதாயம் அடைந்தவர்களில் ரிக்கியே ஒருவர் என்பது சுவையான செய்தி. 1950களில் அவர் பைரேட்ஸ் அணிக்கு வந்துவிட்டார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, ராபர்ட்டோ கிளெமெண்டே என்ற புவேர்ட்டோ ரிக்கோ இளைஞரை மாண்ட்ரியலில் இருந்த தன் பண்ணை அணியில் அதிகம் ஆட விடாமல் வைத்திருந்தது. 1954ஆம் ஆண்டு பைரேட்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. 18 பருவங்கள் பிட்ஸ்பர்க்குக்காகவே ஆடி, 3,000 வெற்றி அடிகளை எட்டினார் கிளெமெண்டே.

விதிகள் வீரரைக் காப்பதுபோலவே, அணியும் விதிகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. மேஜர் லீக்கில் ஆறு ஆண்டு பணி முடித்தவரே விரும்பிய அணிக்குப் போக முடியும். ஓராண்டுப் பணி என்பது 172 நாட்கள். 2015ஆம் ஆண்டு சிகாகோ கப்ஸ் அணியின் கிரிஸ் பிரையன்ட், பருவத்துக்கு முந்தைய ஆட்டங்களில் வேறு யாரையும்விட அதிக ஹோம் ரன் அடித்திருந்தார். இருந்தும் அவரை டிரிப்பிள் ஏ அணிக்கு அனுப்பிவிட்டு, ஏப்ரல் 17 அன்றுதான் மேலே அழைத்தார்கள். அவருக்குச் சேர்ந்த பணி நாட்கள் 171. ஒரு நாள் குறைந்ததால், அவர் மேலும் ஓராண்டு அணியின் பிடியில் இருக்க நேர்ந்தது. தடுப்பாட்டத்தில் பயிற்சி தேவைப்பட்டது என்றது அணி. பிரையன்ட் முறையீடு செய்தார். 2020ஆம் ஆண்டு தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. பின்னர் 2022ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், சிறந்த புதுமுக வீரர் விருதில் முதல் இரண்டு இடம் பெறுபவருக்கு முழு ஆண்டுப் பணி வழங்கும் விதி சேர்க்கப்பட்டது.

சம்பளம்

இது அண்மைக் காலம் வரை வெட்கப்படத்தக்க நிலையில் இருந்தது என்றே சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டில் சிங்கிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 11,000 டாலர். அதுவும் ஆட்டங்கள் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். பயிற்சி முகாமுக்குச் சம்பளம் இல்லை. ஒரு சிறிய வீட்டில் ஐந்தாறு பேர் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். குளிர்காலத்தில் கடைகளிலும் கிடங்குகளிலும் வேலை பார்த்தார்கள். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று சில வீரர்கள் 2014ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2018ஆம் ஆண்டில் மைனர் லீக் வீரர்களுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு அளிக்கும் பிரிவை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆயினும் 2022இல் வழக்கு 18.5 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே ஆண்டு வீரர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்தார்கள். 2023ஆம் ஆண்டு கையெழுத்தான முதல் ஒப்பந்தத்தில் சிங்கிள் ஏ சம்பளம் 26,200 டாலராகவும், டிரிப்பிள் ஏ சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராகவும் உயர்ந்தன. அவ்வாண்டு மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். இண்டியானாபொலிஸுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் இடையே உள்ள ஒரே ஒரு படியின் உயரம் இது.

ஒரே பண்ணையில் இருவகைப் பயணம்

பால் ஸ்கீன்ஸ் 2023ஆம் ஆண்டு வீரர் தேர்வில் முதலாவதாகப் பைரேட்ஸால் எடுக்கப்பட்ட பந்து வீச்சாளர். ஒப்பந்தத் தொகை 92 லட்சம் டாலர். அந்தக் கோடையிலேயே பிராடென்டனில் சில ஆட்டங்கள்; கிரீன்ஸ்போரோவைத் தாண்டி நேராக அல்டூனா. அடுத்த வசந்தத்தில் இண்டியானாபொலிஸில் ஏழு ஆட்டங்கள். முதலில் மூன்று இன்னிங்ஸ் மட்டும் வீசச் சொல்லி, கையைப் பாதுகாத்து, மெல்ல மெல்லக் கூட்டினார்கள். 27 இன்னிங்ஸ்களில் 45 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த அவர், 2024 மே 11 அன்று பிட்ஸ்பர்க்கில் முதல் ஆட்டம் ஆடினார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரரும் அவரே. மேற்சொன்ன புதிய விதியால் முழு ஆண்டுப் பணியும் அவருக்குக் கிடைத்தது.

அதே பைரேட்ஸ் பண்ணைக்கு 2008 நவம்பரில் இரண்டு இந்தியர்கள் வந்து சேர்ந்தார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் வீரர்கள். கிரிக்கெட் வீரர் ரிங்கு சிங் வேறு, இவர் வேறு. இந்தியாவில் நடந்த பந்து எறியும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தேர்வாகி அமெரிக்கா சென்ற இவர்கள், அதுவரை பேஸ்பால் ஆடியதே இல்லை. விதிகளையும் ஆங்கிலத்தையும் ஒருசேரக் கற்றுக்கொண்டே பிராடென்டன் வளாகத்தில் 2009ஆம் ஆண்டு தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார்கள். தினேஷ் 2010ஆம் ஆண்டு இறுதியில் விடுவிக்கப்பட்டார். இடக்கை வீச்சாளரான ரிங்கு 2011ஆம் ஆண்டு மேற்கு வர்ஜீனியாவிலிருந்த சிங்கிள் ஏ அணி வரை ஏறினார். அதன்பின் முழங்கைக் காயமும் அறுவை சிகிச்சையும் பருவம் பருவமாக அவரை மைதானத்துக்கு வெளியே நிறுத்தின. டபுள் ஏ அடுக்கில் அவர் ஆடவே இல்லை. 2018ஆம் ஆண்டு அவர் தொழில்முறை மல்யுத்தக் காட்சிகளுக்கு மாறினார்.

அமெரிக்காவில் ஓர் அணி தன் பண்ணையில் வைத்திருக்கக்கூடிய வீரர்கள் 165 பேர். மேலே இருக்கும் இடங்களோ 26. இந்தக் கணக்கை நினைத்துப் பார்த்தால், ரிங்குவின் பயணமே வழக்கமானது, ஸ்கீன்ஸின் பயணமே அரிது என்பது விளங்கும். சிங்கிள் ஏ அணியில் ஒன்பது பேர் களமிறங்கினால்தான், அவர்களில் ஓரிருவர் வளர ஓர் ஆட்டமே நடக்கும்.

ரிங்கு, தினேஷ் இருவரின் கதையை 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பெயரில் டிஸ்னி நிறுவனம் 2014ஆம் ஆண்டு திரைப்படமாக எடுத்தது, இசை ஏ. ஆர். ரகுமான். அணிகளின் பிரதிநிதிகள் முன் இருவரும் பந்து வீசி ஒப்பந்தம் பெறுவதோடு படத்தின் கதை முடிந்துவிடுகிறது. பிராடென்டனும் மேற்கு வர்ஜீனியாவும் அதன்பிறகுதான் வருகின்றன.