கிளிப் மாறினால் எரிவது எது?

பேட்டரி டவுனான காருக்குப் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு உயிர் கொடுப்பது எளிய வேலை. பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். கிளிப் மாறிவிட்டால் பெரிய தீப்பொறி ஒன்று தெறிக்கும், பதறிப்போய்க் கழற்றிவிடுவோம். சேதம் அதற்குள்ளாகவே நடந்து முடிந்திருக்கலாம்.

கார் பேட்டரிக்குள் ஆறு செல்கள். முழுச் சார்ஜில் மொத்தம் 12.6 வோல்ட். முறையாக மாட்டும்போது இரண்டு பேட்டரிகளும் பக்க இணைப்பில் இருப்பதால், அவற்றுக்கு இடையிலான வோல்ட் வித்தியாசம் மட்டுமே மின்சாரத்தைத் தள்ளும். மாற்றி மாட்டினால் அது தொடர் இணைப்பு. இரண்டின் வோல்ட்டும் கூடிவிடும். குறுக்கே நிற்பது கேபிளின் தடையும் பேட்டரிகளின் உள்தடையும்தான். இரண்டுமே மிகச் சொற்பம். வீட்டில் ஏ.சி. ஓடும் பிளக் பாயின்ட் தாங்குவது 16 ஆம்பியர். இங்கே பாய்வதோ பல நூறு ஆம்பியர். கேபிளின் உறை உருகுவதில் வியப்பில்லை.

அதிகம் அடிபடுவது ஆல்டர்நேட்டர். மெக்கானிக் ஷெட்டில் டைனமோ என்பார்கள். அது உண்டாக்கும் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்க உள்ளே டயோடுகள் உண்டு. டயோடு ஒருவழிக் கதவு. பேட்டரி மின்சாரம் திரும்பி உள்ளே வராமல் தடுப்பதும் அதுதான். டவுனான பேட்டரிக்கு எதிர்த்து நிற்கும் வலு இல்லை. வெளியிலிருந்து வரும் மின்சாரம் அந்தக் காரின் பிளஸ், மைனஸையே தலைகீழாக்கிவிடும். உடனே எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ள, அந்த வெள்ளத்தில் டயோடுகள் கருகுகின்றன. ஷார்ட்டாகிப்போன டயோடு வழியே பிறகு பேட்டரி தானாகவே வடியும். புதுப் பேட்டரி போட்டும் காலையில் வண்டி கிளம்பாது. பழி பேட்டரி மேல் விழும்.

மெயின் ஃபியூஸ் முந்திக்கொண்டு எரிந்தால் வண்டி முழுக்கச் செத்ததுபோல் கிடக்கும். உண்மையில் அதுதான் நல்ல செய்தி: ஆல்டர்நேட்டரும், அதைவிட விலை கூடிய இன்ஜின் கம்ப்யூட்டரும் தப்பியிருக்க வாய்ப்புண்டு.

ஆளுக்கே ஆபத்தும் இருக்கிறது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். உடன் தெறிப்பது கந்தக அமிலம். கருப்புக் கேபிளின் கடைசி கிளிப்பை டவுனான பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டச் சொல்வது இதற்காகத்தான்.

வயர் நிறத்தை நம்பவே வேண்டாம். பழுது பார்த்தவர் கைக்குக் கிடைத்த வயரைப் போட்டிருக்கலாம். பேட்டரி மேலேயே + குறி அச்சாகியிருக்கும். அழுக்கில் அது தெரியாவிட்டால் துடைத்துப் பாருங்கள். வழக்கமான உருளை முனைகளில் பிளஸ் சற்றுப் பருமனாக இருக்கும்.