வரியோடு பேசுவோம் – 17: 2025 டிசம்பர் 31 வரை வழி

ஆண்டுத் தகவல் அறிக்கையை (ஏ.ஐ.எஸ்.) எப்படிப் பார்ப்பது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் துணிப்பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் இரண்டு பாஸ்புக்குகள், செப்டம்பரில் அவர் தாக்கல் செய்த ரிட்டனின் ஒப்புகைச் சீட்டு.

“தம்பி, தப்பு பண்ணிட்டேன். நோட்டீஸ் வருமா? பென்ஷனை நிறுத்திடுவாங்களா?”

2024-25 நிதியாண்டில் அவருக்கு வந்த பென்ஷன் 9 லட்சம் ரூபாய். அதைச் சரியாகக் காட்டியிருக்கிறார். இன்னொரு வங்கியில் போட்டு வைத்த டெபாசிட்டுக்கு வந்த வட்டி 38,000 ரூபாய் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. “அந்த பேங்க்ல டி.டி.எஸ். பிடிக்கலியே, அப்ப வரி கிடையாதுன்னுல்ல நெனச்சேன்!”

வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் இதைச் சொல்கிறார்கள். மூத்த குடிமக்களுக்கு அந்த ஆண்டில் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். தாண்டாவிட்டால் பிடிக்காது, ஆனால் வட்டி வருமானம்தான். பழைய வரிமுறையில் இருந்திருந்தால் மூத்த குடிமக்களுக்கு வட்டியில் 50,000 ரூபாய் வரை கழிவு கிடைத்திருக்கும். சார் இருப்பது புதிய முறையில்; அங்கே அந்தக் கழிவு இல்லை.

கணக்குப் போட்டேன். நிலைக்கழிவு 75,000 போக, அவருடைய கூடுதல் வருமானம் 10 சதவீத அடுக்கில் விழுகிறது. வரி 3,800, செஸ் 152. மொத்தம் 3,952 ரூபாய். “இவ்வளவுதானா?” என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்தத் தொகைக்காக மூன்று நாள் தூங்கவில்லையாம்.

வருமான வரிச் சட்டத்தின் 139(5) பிரிவில் திருத்திய ரிட்டன் தாக்கல் செய்யலாம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குக் கெடு 2025 டிசம்பர் 31. கட்டணம் கிடையாது. ரீஃபண்டு கைக்கு வந்துவிட்டிருந்தாலும் திருத்தலாம். இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலே எத்தனையோ பேர் பயத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

சும்மா இருந்தால் என்ன ஆகும்? டிசம்பர் தாண்டினால் 139(8ஏ) பிரிவில் ‘அப்டேட்டட் ரிட்டன்’ போட வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் போட்டால் வரி, வட்டியோடு அதில் 25 சதவீதம் கூடுதல். சாரின் 3,952 ரூபாய்க்கு 988 ரூபாய் அதிகம். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது 50, 60, 70 சதவீதமாக ஏறும். அந்த வழியில் ரீஃபண்டும் கேட்க முடியாது. ஆகவே, கழிவைக் கேட்க மறந்து வரி அதிகமாகக் கட்டியவர்களுக்கும் அந்த டிசம்பர் கெடுதான் முக்கியம்.

154-ஆம் பிரிவில் மனு போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ரிட்டனைப் பரிசீலித்து அனுப்பிய ஆணையில் வெளிப்படையாகத் தெரியும் பிழைக்குத்தான் அது. நாம் விட்ட வருமானத்தைச் சேர்க்க அது உதவாது.

சாரிடம் முதலில் 3,952 ரூபாயைச் சுயமதிப்பீட்டு வரியாகக் கட்டச் சொன்னேன். சலானில் மதிப்பீட்டு ஆண்டைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிதியாண்டு என்று நினைத்து 2024-25 என்று போட்டுவிட்டுத் திண்டாடியவர்கள் உண்டு. பிறகு படிவத்தில் பழைய ஒப்புகை எண், தாக்கல் செய்த தேதி, புதிய சலான் விவரம். விட்டுப்போனதை மட்டும் எழுதினால் போதாது. இதுதான் இனி அவருடைய ரிட்டன் என்பதால் பென்ஷனிலிருந்து எல்லாம் மறுபடி வர வேண்டும்.

கடைசியில் இ-வெரிஃபை. 30 நாளுக்குள் செய்யாவிட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். ஆதார் ஓ.டி.பி. அனுப்பினேன். சார் பையைத் துழாவினார், சட்டைப் பையைத் தட்டினார். ஆதாரில் பதிந்த போன் வீட்டில், அவர் மனைவியிடம் இருந்தது. என் போனிலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தேன்.

“மெசேஜ் வந்திருக்கா பாரு. அவசரமில்லை, ஒவ்வொரு நம்பரா நிதானமாச் சொல்லு” என்றார்.

ஆறு எண்களையும் அவர் திருப்பிச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

(அடுத்த வாரம்: பரிசீலனை ஆணையை வாசிப்பது எப்படி?)