44 அடி கூடுதல் ஜாயிண்ட்

அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் சட்டத்தில் திருகிய அரை அங்குல ஜிப்சம் போர்டுதான். இரண்டு போர்டு சேரும் கோடு கண்ணில் படாமல் இருந்தால்தான் அது நல்ல சுவர். அந்த ஜாயிண்ட் வேலைக்கு எவ்வளவு செலவாகும் என்பது பட்டி வாளியைத் திறக்கும்போது அல்ல, போர்டு வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

12க்கு 12 அடி அறை, உயரம் 8 அடி. சுவர்கள் 384 சதுர அடி, சீலிங் 144, மொத்தம் 528. கதவு, ஜன்னலைக் கழிக்கவில்லை. படுக்கை வாக்கில் அடித்தால் 8க்கு 4 போர்டு 17 வேண்டும். 12க்கு 4 என்றால் 11 போதும். உள்மூலைகள் 32 அடி, சுவரும் சீலிங்கும் சேரும் கோடு 48 அடி, நீளவாக்கு ஜாயிண்ட் 72 அடி. இந்த 152 அடி இரண்டு கணக்கிலும் ஒன்றுதான். 8 அடி போர்டில் மட்டும் குறுக்கு ஜாயிண்ட் 44 அடி கூடி, 196 ஆகிறது. ஆயிரம் சதுர அடிக்கு, ஜாயிண்ட் மேல் ஒட்டும் டேப் 370 அடி என்பது அமெரிக்காவில் புழங்கும் கணக்கு. 528க்கு 195 வருகிறது.

டேப் மலிவு. இரண்டில் எந்தக் கணக்குக்கும் 250 அடிச் சுருள் ஒன்றே போதும். வலி அந்த 44 அடியில்தான். போர்டின் நீள விளிம்பு மெலிந்திருப்பதால் இரண்டு சேரும்போது ஆழமில்லாத பள்ளம் கிடைக்கிறது. டேப்பும் பட்டியும் அதற்குள் அடங்கிவிடும். ஓரடி அகலம் பூசினால் போதும்: 72 சதுர அடி. அகல முனையில் அந்தச் சரிவு கிடையாது. டேப் மேடாக நிற்கும்; மேடு தெரியாமலிருக்க இரண்டடி அகலத்துக்கு இழுத்துப் பூச வேண்டும். 44 அடிக்கு 88 சதுர அடி! நீளம் குறைவு, பூச்சுப் பரப்போ அதிகம்.

பட்டி ஆயிரம் சதுர அடிக்கு 9.4 கேலன் என்று வைத்தால் இந்த அறைக்கு ஏறக்குறைய 5 கேலன், அதாவது 19 லிட்டர். வாளி 4.5 கேலன், ஒன்று போதாது. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய சுமார் 24 மணி நேரம். பூச்சு ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை ஏற்றினால் பின்னால் சுருங்கிக் கோடு தெரியும். தண்ணீரோடு வினைபுரிந்து இறுகும் தூள் வகை 20, 45, 90 நிமிடக் கணக்கில் கிடைக்கிறது. அவசரத்துக்கு அது உதவும், ஆனால் தேய்ப்பது கடினம்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் இன்னொரு செலவையும் சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சுவர்ப் பட்டிக்கு 1977இல் தடை வந்தது. அதற்கு முந்தைய சுவரில் பரிசோதனை செய்யாமல் உப்புத்தாளை வைக்கவே கூடாது.

நம் ஊரில் சீலிங்குக்கு அடிக்கும் 6க்கு 4 போர்டிலும் இதே அளவு அறைக்குக் குறுக்கு ஜாயிண்ட் 12 அடி வருகிறது. விரிசலை முதலில் அங்கேதான் தேடுங்கள். நீளப் போர்டு கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள், 12 அடிப் பலகை வீட்டுப் படியில் திரும்புமா, தூக்க இரண்டு பேர் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.